டிக்கெட் கன்ஃபார்ம்... ஆனா ஃப்ளைட்டில் சீட் இல்லை! ஓவர்புக்கிங்கில் சிக்காமல் தப்பிப்பது எப்படி? சிக்கினால் எவ்வளவு கேட்கலாம்?

பணம் கட்டியாச்சு. பிஎன்ஆர் நம்பர் மொபைலுக்கு வந்தாச்சு. இரண்டு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட்டுக்கும் வந்தாச்சு. ஆனால், கவுன்ட்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சாரி சார், ஃப்ளைட் ஃபுல் ஆயிடுச்சு" என்கிறார். அதெப்படிங்க ஃபுல் ஆகும், கையில் இருப்பது கன்ஃபார்ம் டிக்கெட் ஆச்சே?

இதற்குப் பெயர்தான் 'டினைடு போர்டிங்'. தமிழில் சொன்னால் போர்டிங் மறுப்பு. விமானத்தில் இருக்கும் சீட்டுகளைவிட அதிகமாக டிக்கெட் விற்பதால் பெரும்பாலும் இது நடக்கிறது. விசா நேர்காணல், அறுவை சிகிச்சைக்கு டாக்டர் கொடுத்த நேரம், மறுநாள் காலை முகூர்த்தம் என்று நாள் குறித்துப் போகிறவர்களுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை. போன வேலையே கெட்டுப் போகும்.

இந்தியாவில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2010-லேயே கொண்டு வந்து, 2016 ஆகஸ்ட் முதல் இழப்பீட்டுத் தொகையை உயர்த்திய விதி. ஆனால் கவுன்ட்டரில் யாரும் அதை உங்களுக்கு வாசித்துக் காட்ட மாட்டார்கள். நாம்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இருக்கும் சீட்டைவிட அதிகமாக விற்பது ஏன்?

டிக்கெட் வாங்கிய எல்லோரும் வருவதில்லை என்பதுதான் காரணம். மீட்டிங் தள்ளிப்போகும், காய்ச்சல் வரும், டிராஃபிக்கில் மாட்டுவார்கள், முந்தைய விமானம் தாமதமாகி இணைப்பு விமானத்தைத் தவறவிடுவார்கள். இப்படி வராமல் போகிறவர்களை 'நோ-ஷோ' என்கிறார்கள். கதவை மூடிய பிறகு காலியாகப் பறக்கும் சீட்டில் இருந்து ஒரு ரூபாயும் சம்பாதிக்க முடியாது. அதனால் எந்த வழித்தடத்தில், எந்தக் கிழமையில், எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்று பழைய கணக்கைப் பார்த்து, அந்த அளவுக்குக் கூடுதலாக விற்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 180 சீட் உள்ள விமானத்துக்கு 186 டிக்கெட் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து பேர் வரமாட்டார்கள் என்றால், சராசரியாக ஒன்பது பேர் வராமல் போவார்கள். ஆறு பேர் வராவிட்டாலே எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும். இந்தக் கணக்குப்படி பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஒரு பிரச்னையும் வராது. பத்தாவது தடவை எல்லோரும் ஒழுங்காக வந்து நிற்பார்கள். அன்றைக்குத்தான் கவுன்ட்டரில் சண்டை. கம்பெனிக்கு இது லாபக் கணக்கு. அந்தப் பத்தாவது தடவை நீங்கள் வரிசையில் கடைசியில் நின்றால், உங்களுக்கு அது முழு நஷ்டம்.

நம் ரயில்வேயும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் வெளிப்படையாக. ஆர்ஏசி என்றால் ஒரு சைடு லோயர் பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டியிருக்கும், வெயிட்டிங் லிஸ்ட் என்றால் சார்ட் வந்த பிறகுதான் தெரியும் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். விமான டிக்கெட்டில் அப்படி எதுவும் இல்லை. 186 பேர் கையிலும் 'கன்ஃபார்ம்' என்றுதான் இருக்கும். உண்மையில் ஆர்ஏசியில் இருப்பது யார் என்று ஏர்போர்ட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஓவர்புக்கிங் இல்லாமலும் சீட் போகலாம்

எப்போதும் கூடுதலாக விற்றதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றுவார்கள். 2024 செப்டம்பரில் பெங்களூருவில் இருந்து புனே செல்லவிருந்த ஆகாசா ஏர் விமானம் மாற்றப்பட்டது. மாற்றாக வந்த விமானத்தில் சில சீட்டுகள் பயன்படுத்தும் நிலையில் இல்லை. ஏழு பயணிகளை ஏற்ற முடியவில்லை. அவர்களுக்கு உரிய இழப்பீட்டைத் தராத விவகாரத்தில் அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ ரூ.10 லட்சம் அபராதம் விதித்தது.

தமிழ்நாட்டுக்குள் பறப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னையில் இருந்து தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்கு ஏடிஆர் ரகச் சின்ன விமானங்கள் போகின்றன. எழுபது, எண்பது சீட்டுக்குள்தான் இருக்கும். சிறிய விமானங்களில் எடைக் கணக்கும் குறுக்கே வரும். கடும் வெயில், குட்டையான ரன்வே, கூடுதல் எரிபொருள் என்று ஏதாவது சேர்ந்துவிட்டால், சீட் காலியாக இருந்தும் ஆளை ஏற்ற முடியாமல் போவது உண்டு.

உலகமே பார்த்த அந்தச் சம்பவம் நினைவிருக்கிறதா? 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் சிகாகோவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்து 69 வயது மருத்துவர் ஒருவரைப் பாதுகாப்பு ஊழியர்கள் தரதரவென்று இழுத்துச் சென்ற வீடியோ. அதுகூட கூடுதலாக டிக்கெட் விற்றதால் வந்த வினை இல்லை. மறுநாள் வேறு விமானத்தை இயக்க வேண்டிய நான்கு ஊழியர்களுக்கு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 800 டாலர் வரை தருவதாகச் சொல்லியும் போதுமான பேர் எழுந்திருக்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, விருப்பப்பட்டு இடம் விட்டுக்கொடுப்பவர்களுக்கு 10,000 டாலர் வரை தரலாம் என்று அந்த நிறுவனம் தன் கொள்கையை மாற்றியது. நேரத்துக்கு வந்து, போர்டிங் பாஸை ஸ்கேன் செய்து ஏறிய பயணியை ஓவர்புக்கிங்கைக் காரணம் காட்டி இறக்கக்கூடாது என்று 2018-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது.

யாரைக் கழற்றிவிடுவார்கள்?

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி முறை வைத்திருக்கிறது. இருந்தாலும் பொதுவாக ஒரு போக்கு உண்டு. தனியாகப் பயணம் செய்யும் குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், உடல்நிலை சரியில்லாதவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்களை ஏர்லைன்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள். அடிக்கடி பறந்து பாயின்ட் சேர்த்து வைத்திருப்பவர்கள், அதிகக் கட்டண டிக்கெட் வாங்கியவர்களும் ஓரளவு தப்பித்துவிடுவார்கள்.

மிச்சம் இருப்பது யார்? குறைந்த கட்டணத்தில் டிக்கெட் எடுத்து, தனியாக வந்து, கடைசியாகச் செக்-இன் செய்பவர். இதில் கட்டணத்தையும் பாயின்ட்டையும் நாம் உடனே மாற்ற முடியாது. செக்-இன் நேரம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. செலவே இல்லாத பாதுகாப்பும் அதுதான்.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

வெப் செக்-இன் திறந்தவுடன் முடித்துவிடுங்கள். உள்நாட்டு விமானங்களுக்குப் பல நிறுவனங்களில் 48 மணி நேரத்துக்கு முன்பே திறந்துவிடும். 'காலையில் கிளம்பும்போது பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள். போனில் அலாரம் வைத்துச் செய்தாலும் தப்பில்லை.

முடித்த பிறகு போர்டிங் பாஸில் 14சி, 22ஏ மாதிரி சீட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. சில சமயம் செக்-இன் ஆகிவிட்டது என்று வரும், ஆனால் சீட் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'கேட்டில் ஒதுக்கப்படும்' என்றோ 'ஸ்டாண்ட்பை' என்றோ இருக்கும். அப்படி இருந்தால், ஆர்ஏசி டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் கவுன்ட்டரில் சீட் எண் கேட்டு வாங்குவதுதான் வழி.

வெப் செக்-இன்னில் காசு கட்டினால்தான் சீட் என்று காட்டுகிறதே, கட்டணுமா? சாதாரண நாளில் தேவையில்லை. ஆனால் தவறவே விடக்கூடாத பயணம் என்றால், சில நூறு ரூபாய் கட்டி ஒரு சீட்டை உங்கள் பெயரில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இதுவும் நூறு சதவீத உத்தரவாதம் இல்லை, விமானம் மாறினால் சீட்டும் மாறும். ஆனாலும் வரிசையின் வாலில் இருந்து நகர்ந்துவிடுகிறீர்கள்.

ஏஜென்ட் மூலமோ ஆபீஸ் மூலமோ டிக்கெட் போட்டிருந்தால், முன்பதிவில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏஜென்ட் எண்தான் இருக்கும். விமான நேரம் மாறினாலோ விமானமே மாறினாலோ தகவல் அவருக்குத்தான் போகும். அவர் தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் ஏர்போர்ட்டில் நிற்பீர்கள். ஏர்லைன் ஆப்பில் பிஎன்ஆர் போட்டு உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். ஒரு ஏர்லைன் விற்று இன்னொரு ஏர்லைன் ஓட்டும் கூட்டு விமானமாக இருந்தால், ஓட்டுகிற நிறுவனத்தின் பிஎன்ஆர் தனியாக இருக்கும். அதையும் வாங்கி, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் டிக்கெட் தெரிகிறதா என்று சரிபாருங்கள்.

எந்த விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய நாள், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நீண்ட விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை. இந்த நேரங்களில் நோ-ஷோ குறையும், அடுத்த விமானத்திலும் இடம் இருக்காது. அதேபோல் அன்றைய கடைசி விமானம் ரொம்ப ஆபத்து. காலை விமானத்தில் இடம் போனால் மதிய விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இரவு கடைசி விமானத்தில் இடம் போனால் மறுநாள்தான். சென்னை - டெல்லி, சென்னை - மும்பை மாதிரி நாள் முழுக்க விமானம் ஓடும் வழித்தடத்துக்கும், ஒன்றிரண்டே ஓடும் சின்ன ஊர் வழித்தடத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கவுன்ட்டர் நேரத்துக்கு வருவோம். இந்திய ஏர்லைன்களில் உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு செக்-இன் கவுன்ட்டர் மூடப்படும். வெளிநாட்டு விமானம் என்றால் 60 நிமிடமா 75 நிமிடமா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது, டிக்கெட்டில் இருக்கும். போர்டிங் கேட் அதற்குப் பிறகு, புறப்பாட்டுக்கு 20, 25 நிமிடம் முன்பு மூடப்படும். வெப் செக்-இன் செய்துவிட்டோம் என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்து கேட்டுக்கு லேட்டாகப் போனாலும் அது உங்கள் தவறாகவே கணக்காகும்.

சென்னையில் இன்னொரு சிக்கல். உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டு முனையங்களில் இருந்து புறப்படுகின்றன. டி4 என்பது முன்பு சர்வதேச முனையமாக இருந்த கட்டடம். பழைய ஞாபகத்தில் தவறான முனையத்தில் இறங்கி, டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடுவதில் பொன்னான 15 நிமிடம் போய்விடும். கேப் ஏறும்போதே டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்துவிடுங்கள்.

'யாராவது விட்டுக்கொடுக்கிறீங்களா?' என்று கேட்டால்...

டிஜிசிஏ விதிப்படி, ஒருவரைக் கட்டாயப்படுத்தி நிறுத்துவதற்கு முன் ஏர்லைன் முதலில் தன்னார்வலர்களைக் கேட்க வேண்டும். சலுகை ஏதாவது தருகிறோம், இடத்தை விட்டுத் தர யாருக்காவது சம்மதமா என்று கேட்க வேண்டும்.

இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1960-களில் ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஏர்லைன்கள் தாங்களாக யாரையோ பிடித்துத் தள்ளுவதற்குப் பதில், 'எவ்வளவு கொடுத்தால் இடத்தை விடுவீர்கள்' என்று பயணிகளிடமே ஏலம் கேட்கலாமே என்றார். அப்போது ஏர்லைன்கள் கண்டுகொள்ளவில்லை. 1972-ல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரையே அலெகெனி ஏர்லைன்ஸ் ஏற்றாமல் விட்டது. ஆள் தெரியாமல் கைவைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வழக்கு 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் தன்னார்வலர்களை முதலில் கேட்கும் முறை அங்கே விதியானது. இன்று நம் ஊர் கேட்டில் மைக்கில் கேட்கும் அறிவிப்புக்கும் வேர் அங்கேதான்.

அவசரம் இல்லாதவர்களுக்கு இது நல்ல பேரம். ஆனால் கவனம். நீங்களாகச் சம்மதித்து விட்டுக்கொடுத்தால், கீழே சொல்லப்போகும் கட்டாய இழப்பீடு உங்களுக்குக் கிடையாது. பேசி முடித்ததுதான் கிடைக்கும். அதனால் முதலில் சொல்லும் தொகைக்கே தலையாட்ட வேண்டாம். அடுத்த விமானம் எது, அதில் சீட் எண் உறுதியா, பணமா கூப்பனா, கூப்பன் என்றால் எத்தனை மாதம் செல்லும், சாப்பாடு, தங்கும் இடம் உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு எழுந்திருங்கள்.

கட்டாயமாக நிறுத்தினால் எவ்வளவு?

கன்ஃபார்ம் டிக்கெட்டோடு, சொன்ன நேரத்துக்குள் வந்தும், உங்கள் விருப்பத்துக்கு மாறாக ஏற்றவில்லை என்றால் கணக்கு இப்படிப் போகிறது.

முதலில் சொன்ன புறப்பாட்டு நேரத்தில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் இழப்பீடு கிடையாது. அதைத் தாண்டி, 24 மணி நேரத்துக்குள் புறப்படும் விமானத்தில் இடம் கொடுத்தால், ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்கு, அதிகபட்சம் ரூ.10,000. மாற்று விமானம் 24 மணி நேரத்தையும் தாண்டிவிட்டால் நான்கு மடங்கு, அதிகபட்சம் ரூ.20,000.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதுதான் பலருக்குத் தெரியாதது. 'உங்க மாற்று விமானமே வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் பயணிக்கு உண்டு. அப்படிச் சொன்னால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும், கூடவே நான்கு மடங்கு இழப்பீடும், அதிகபட்சம் ரூ.20,000 வரை.

உதாரணமாக, சென்னையில் இருந்து மதுரைக்கு ரூ.5,500 கொடுத்து டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள், அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து ரூ.4,000 என்று வைத்துக்கொள்வோம். இரவு விமானத்தில் இடமில்லை, நாளை காலை வாருங்கள் என்கிறார்கள். நாளை காலை போனால் இழப்பீடு ரூ.8,000. காலையில் முகூர்த்தம், காத்திருக்க முடியாது, பஸ் பிடித்துப் போய்விடுகிறேன் என்றால் டிக்கெட் பணம் ரூ.5,500-ம், அதோடு ரூ.16,000-ம் கேட்கலாம். விடிய விடிய பஸ்ஸில் போனாலும் உரிமை உரிமைதான். ஆனால் 'மாற்று விமானம் வேண்டாம்' என்பதை மெயிலிலோ எழுத்திலோ சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாமல் போனால் நீங்களே விட்டுப் போனதாக ஆகிவிடும்.

கணக்கில் எடுப்பது நீங்கள் கட்டிய மொத்தத் தொகை இல்லை என்பதையும் கவனியுங்கள். விமான நிலையக் கட்டணம், வரி, சீட் தேர்வு, சாப்பாடு எல்லாம் இந்த மடங்குக் கணக்கில் சேராது.

சீட் கிடைத்தது, ஆனால் பிசினஸ் கிளாஸில் எடுத்தவரை எகானமியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றால், அதற்கும் 2023 பிப்ரவரி முதல் தனி விதி இருக்கிறது. உள்நாட்டுப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம்.

'நீங்க லேட்டா வந்தீங்க' என்று எழுதிவிட்டால்?

பிரச்னையே இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரே நிபந்தனை, நீங்கள் நேரத்துக்கு வந்திருக்க வேண்டும். தாமதமாக வந்தவருக்கு, ஆவணம் சரியில்லாதவருக்கு, விமானத்தில் தகராறு செய்தவருக்கு இழப்பீடு கிடையாது. அதனால் ஏர்லைன் கம்ப்யூட்டரில் உங்கள் பெயருக்கு எதிரே 'டினைடு போர்டிங்' என்று பதிவாகிறதா, 'நோ-ஷோ' என்று பதிவாகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அது ஒரு சொல் வித்தியாசம்தான். முதலாவது என்றால் அவர்கள் உங்களுக்குப் பணம் தர வேண்டும், இரண்டாவது என்றால் உங்கள் டிக்கெட் பணமே போய்விடும்.

ஆகவே கவுன்ட்டரில் இழுத்தடிக்க ஆரம்பித்தவுடனே, குரலை உயர்த்துவதற்கு முன், சான்று சேர்க்கத் தொடங்குங்கள். நேரம் தெரியும்படி கவுன்ட்டர் அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுங்கள். கேப் பில், பார்க்கிங் சீட்டு, பேக் போட்டிருந்தால் பேக் டேக், எதையும் தூக்கி எறியாதீர்கள். இருந்த இடத்தில் இருந்தே ஏர்லைனின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மெயில் தட்டுங்கள்: இன்ன பிஎன்ஆர், இன்ன நேரத்தில் கவுன்ட்டருக்கு வந்தேன், சீட் இல்லை என்று சொல்கிறார்கள். இரண்டு வரி போதும். மெயில் போன நேரமே பெரிய சாட்சி.

பிறகு டூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லி, 'டினைடு போர்டிங் என்று எழுதிக் கொடுங்கள்' என்று அந்த வார்த்தையையே பயன்படுத்திக் கேளுங்கள். 'ஃப்ளைட் ஃபுல்', 'சிஸ்டம் ப்ராப்ளம்', 'ஆபரேஷனல் ரீசன்' என்று மழுப்பினால் விடாதீர்கள். விதி தெரிந்தவர் என்று தெரிந்தால் பேச்சே மாறும். எழுதித் தர மறுத்தால், மறுத்தவர் பொறுப்பு என்ன, மணி என்ன என்று குறித்துக்கொண்டு, அதையும் அதே மெயிலில் அடுத்த வரியாக அனுப்பிவிடுங்கள். கையெழுத்துக் கேட்டு ஏதாவது தாளை நீட்டினால், அதில் 'தன்னார்வலர்' என்றோ 'தாமத வருகை' என்றோ இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டும் அதே பிஎன்ஆரில் இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. முதல் பயணத்தில் 'நோ-ஷோ' என்று விழுந்துவிட்டால், சில ஏர்லைன்களில் மீதமுள்ள பயணங்களும் தானாக ரத்தாகிவிடும். பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது 'உங்க டிக்கெட் கேன்சல் ஆயிருக்கு' என்று இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். ரிட்டர்ன் உயிரோடு இருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன்பே கேட்டுவிடுங்கள். உள்ளே போன பேக்கையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.

பணம் தர மறுத்தால் எங்கே போவது?

முதலில் அந்த ஏர்லைனின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார். பதில் இல்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' இணையதளம் அல்லது ஆப். 2016-ல் இருந்து செயல்படுகிறது. புகார் எண் கொடுப்பார்கள், நிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

டிஜிசிஏ தனிப்பட்ட பயணிக்கு நஷ்டஈடு வாங்கித் தரும் நீதிமன்றம் இல்லை. ஆனால் புகார்கள் சேர்ந்தால் நடவடிக்கை எடுக்கும். 2022 ஜூனில் பெங்களூரு, ஹைதராபாத், டெல்லியில் சோதனை நடத்தி, போர்டிங் மறுக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தராததற்காக ஏர் இந்தியாவுக்கு ரூ.10 லட்சம் அபராதம் போட்டது. எந்த நிறுவனம் எத்தனை பேரை ஏற்றாமல் விட்டது, எவ்வளவு இழப்பீடு கொடுத்தது என்று ஒவ்வொரு மாதமும் டிஜிசிஏ தன் போக்குவரத்து அறிக்கையில் வெளியிடுகிறது. டிக்கெட் போடும் முன் ஒருமுறை அதைப் பார்த்தால், எந்தக் கம்பெனிக்கு இது பழக்கம் என்று தெரிந்துவிடும்.

நஷ்டம் ரூ.20,000-ஐத் தாண்டினால்? வேலைக்கான நேர்காணலே போச்சு, வெளிநாட்டு இணைப்பு விமானம் போச்சு என்றால் அந்த வரம்போடு முடிந்துவிட்டதா? இல்லை. டிஜிசிஏ விதியில் உள்ள உச்சவரம்பு, பயணி உரிய மன்றத்தில் கூடுதல் நஷ்டஈடு கேட்பதைத் தடுக்காது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. உரிய மன்றம் என்றால் பெரும்பாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். டெல்லியில் நடந்ததற்கு டெல்லிக்கு அலைய வேண்டாம், திருநெல்வேலியில் இருந்தே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

வெளிநாட்டில் சிக்கினால்?

பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா, கனடா, அமெரிக்கா போய்வருகிற பெற்றோர் நம்மிடம் நிறைய. அங்கே தொகை கொஞ்சம் கனமானது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்து புறப்படும் எந்த நிறுவன விமானமாக இருந்தாலும், தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. இந்தியாவில் இருந்து அங்கே போகும்போது, ஓட்டுவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் இதே விதி பொருந்தும். கனடாவில், காரணம் ஏர்லைனின் கட்டுப்பாட்டில் இருந்தால், போய்ச் சேரும் தாமதத்தைப் பொறுத்து 900, 1,800, 2,400 கனடிய டாலர். அமெரிக்காவில் இருந்து கிளம்பும் ஓவர்புக் ஆன விமானங்களில் ஒரு வழிக் கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது நான்கு மடங்கு, 2025 ஜனவரி முதல் உச்சவரம்பு 1,075 மற்றும் 2,150 டாலர்.

ஊரில் இருந்து தனியாகப் போகும் அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால், 'டினைடு போர்டிங், ரைட்டிங்ல கொடுங்க' என்ற ஒரு வரியை ஆங்கிலத்தில் அச்சடித்து, டிக்கெட் நகலோடு சேர்த்து ஹேண்ட் பேக்கில் வைத்து அனுப்புங்கள். அதன் கீழேயே, கவுன்ட்டரில் இருந்து நேராக அழைக்க உங்கள் வாட்ஸ்அப் எண்ணையும் எழுதிவிடுங்கள்.